பார்வை போன கண்ணை வைத்திருப்பதா, எடுப்பதா?

வடசென்னையில் கண்ணில் அடிபடுவதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை. காசிமேட்டில் படகு எஞ்சினைப் பிரித்துப் பழுது பார்க்கிறவர், மணலிப் பக்கம் லாரிப் பட்டறையில் உளியும் சுத்தியலுமாக நிற்கிறவர், வியாசர்பாடியில் கிரைண்டிங் சக்கரத்தின் முன் குனிந்திருக்கிறவர், தீபாவளியன்று வெடிக்காத பட்டாசைக் குனிந்து பார்த்த சிறுவன் என்று யாருக்கும் அது நேரலாம். தெறிக்கிற துகள் ஒரு நொடியில் கருவிழியைக் கிழித்துவிடுகிறது. ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்கு ஓடி, அங்கிருந்து எழும்பூர் கண் மருத்துவமனைக்கு ஓடி, கிழிந்ததைத் தைத்து, வாரக்கணக்கில் சொட்டு மருந்து விட்டபிறகு, சிலரிடம் மருத்துவர் சொல்கிறார்: “இந்தக் கண்ணில் இனிப் பார்வை வராது.” கண்ணை எடுத்துவிடலாமா என்ற கேள்வி அதற்குப் பின்னாலேயே வந்துவிடுகிறது.

தொண்டையார்பேட்டையில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். மருத்துவமனைச் சீட்டை நீட்டி, “அண்ணே, இதில் என்ன எழுதியிருக்கிறது, நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?” என்று கேட்க வருகிறவர்கள் உண்டு. அவர்களில் பெரும்பாலோர் வீட்டில் ஒரு சண்டையை முடித்துவிட்டுத்தான் வந்திருப்பார்கள். எடுக்கவே கூடாது என்று அம்மா சொல்லியிருப்பார். எடுத்தால்தான் நல்ல கண் பிழைக்கும் என்று மாமா சொல்லியிருப்பார். எடுப்பதா வேண்டாமா என்ற இந்த இடத்திலேயே பேச்சு நின்றுவிடுகிறது. நான் பார்த்தவரை, முடிவை நிர்ணயிக்க வேண்டிய கேள்விகள் வேறு. அந்தக் கண்ணுக்குள் என்ன இருக்கிறது? அது வலிக்கிறதா? எடுத்தால் அந்த இடத்தை எதைக்கொண்டு நிரப்பப் போகிறார்கள்? மூன்றாவது கேள்வியை யாருமே கேட்பதில்லை. ஆனால் அடுத்த முப்பது நாற்பது ஆண்டுகள் கண்ணாடியில் பார்க்கப்போகிற முகம் அதற்கான பதிலைப் பொறுத்ததுதான்.

எடுக்காமல் வைத்திருப்பது

பார்வை போன எல்லாக் கண்ணையும் எடுக்க வேண்டியதில்லை. அடிபட்ட கண் பல சமயம் மெல்லச் சுருங்கி, வெளுத்து, வலியில்லாமல் அடங்கிவிடும். அப்படி அடங்கிய கண்ணுக்கு மேல் மெல்லிய பிளாஸ்டிக் ஓடு ஒன்றைப் பொருத்தலாம். அதன் முகப்பில் மறு கண்ணைப் போலவே கருவிழியும் வெள்ளையும் தீட்டப்பட்டிருக்கும். கண்ணை அசைக்கும் தசைகள் அத்தனையும் அப்படியே இருப்பதால் ஓடும் சேர்ந்து நன்றாக அசையும். எதிரில் நிற்கிறவருக்கு வித்தியாசம் சட்டென்று தெரியாது. கத்தியில்லாமல் கிடைக்கிற நல்ல பலன் இது. நிபந்தனைகள் கூடி வந்தால் முதலில் இதைத்தான் முயல வேண்டும் என்பேன்.

நிபந்தனைகள் சில உண்டு. கண் ஓரளவாவது சுருங்கியிருக்க வேண்டும். முழு அளவில் இருக்கிற கண்ணின் மேல் ஓடு வைத்தால் பிதுங்கித் தெரியும். அதற்கு நிறமிட்ட கான்டாக்ட் லென்ஸ்தான் வழி. கருவிழியில் உணர்ச்சி மிச்சமிருந்தால் ஓடு உறுத்தும். ஆகவே முதலில் சோதனை ஓட்டை மாட்டி, நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிப் பார்ப்பார்கள். தாங்காதவர்களுக்குக் கண்ணின் மேற்சவ்வை இழுத்துக் கருவிழியை மூடித் தைத்துவிட்டு, அதன்மேல் ஓடு பொருத்துவதும் உண்டு.

வலிக்கிற கண்ணின் கதை வேறு. பார்வை இல்லாத கண்ணில் வலி இருந்தால், காரணம் பெரும்பாலும் உயர்ந்த கண் அழுத்தமோ, உள்ளே ஓயாத அழற்சியோ, கருவிழியில் ஆறாத புண்ணோதான். ஸ்டீராய்டு சொட்டும் அட்ரோபின் சொட்டும் கொஞ்சம் அடக்கும். அழுத்தத்தைக் குறைக்க லேசர் உண்டு. கண்ணுக்குப் பின்னால் ஆல்கஹால் ஊசி போட்டால் சில மாதங்கள் வலி மரத்திருக்கும். எண்பது வயதில், இதயக் கோளாறோடு இருக்கிற பாட்டிக்கு இவை போதும். முப்பது வயதில் கூலி வேலைக்குப் போகிறவருக்கு இதையே நீட்டிப்பது நியாயமாக எனக்குப் படவில்லை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கூலியை விட்டுவிட்டுச் சொட்டு மருந்துக்கு வரிசையில் நிற்க வேண்டும். இரவில் தூக்கம் இருக்காது. அப்படி ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போட்டுவிட்டுக் கடைசியில் அறுவை செய்துகொண்டவர்கள் கடைக்கு வந்தால் முதலில் சொல்வது தோற்றத்தைப் பற்றி இல்லை. “நன்றாகத் தூங்குகிறேன்” என்றுதான் சொல்வார்கள்.

உள்ளீட்டை மட்டும் எடுப்பதும் முழுக் கோளத்தை எடுப்பதும்

எடுப்பது என்று முடிவான பிறகும் இரண்டு வழிகள் இருக்கின்றன. வீட்டில் இரண்டையும் ஒன்றென்றே நினைக்கிறார்கள். எவிசரேஷன் என்பது இளநீரின் உள்ளே இருப்பதை எடுத்துவிட்டு ஓட்டை வைத்துக்கொள்வது போன்றது. கருவிழியைத் திறந்து, உள்ளே இருப்பதையெல்லாம் சுரண்டி அகற்றி, கண்ணின் வெள்ளை ஓட்டையும் அதில் ஒட்டியிருக்கும் தசைகளையும் அப்படியே விட்டு, ஓட்டுக்குள் ஒரு உருண்டையை வைத்துத் தைப்பார்கள். இனூக்ளியேஷன் என்பது தசைகளை ஒவ்வொன்றாக விடுவித்து, பார்வை நரம்பை வெட்டி, கோளத்தை முழுதாக எடுப்பது. குழியில் உருண்டையை வைத்துத் தசைகளை அதன்மேல் மறுபடி இணைப்பார்கள். கண்குழியில் உள்ள அத்தனையையும் எடுக்கும் எக்ஸன்டரேஷன் என்று மூன்றாவது ஒன்றும் உண்டு. உயிருக்கு ஆபத்தான புற்றுநோய்க்கும், கொரோனா காலத்தில் எல்லோரும் கேள்விப்பட்ட கருப்புப் பூஞ்சை போன்ற தொற்றுக்கும்தான் அது. இங்கே பேசுகிற முடிவில் அதற்கு இடமில்லை.

முதல் இரண்டையும் அருகருகே வைத்தால், எவிசரேஷன் எளிய அறுவை. நேரம் குறைவு, திசுக்கள் கலைவதும் குறைவு. தசைகள் தம் இடத்திலேயே இருப்பதால் செயற்கைக் கண்ணின் அசைவும் பெரும்பாலும் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும். கண்ணுக்குள் சீழ் பிடித்திருந்தால் மருத்துவர்கள் விரும்புவதும் இதையே. முழுக் கண்ணையும் எடுக்கும்போது பார்வை நரம்பைச் சுற்றியுள்ள உறை வெட்டப்படுகிறது. அந்த உறை மூளையைச் சூழ்ந்த திரவத்தோடு தொடர்புள்ளது. தொற்று அந்த வழியே ஏறிவிடக் கூடாது என்ற கவனம்தான் காரணம்.

அப்படியானால் எல்லோருக்கும் எவிசரேஷனே போதுமே என்று தோன்றும். அதற்குக் குறுக்கே ஒரு விதி நிற்கிறது, அதில் விட்டுக்கொடுப்பதற்கே இடமில்லை. கண்ணுக்குள் புற்றுக்கட்டி இருக்கலாம் என்ற சந்தேகம் துளி இருந்தாலும் எவிசரேஷன் கூடாது. கட்டியுள்ள கண்ணை உள்ளே சுரண்டினால் புற்று அணுக்கள் குழிக்குள் சிதறிவிடும். குழந்தையின் கருவிழிக்கு நடுவே, போட்டோவில் பூனைக் கண்போல வெள்ளை மினுக்கம் தெரிந்தால், ரெட்டினோபிளாஸ்டோமா என்ற விழித்திரைப் புற்றா என்று பார்க்காமல் எதுவும் செய்யக் கூடாது. ஆரம்பத்திலேயே கண்டால் மருந்தாலும் லேசராலும் கண்ணைக் காப்பாற்ற வழியிருக்கிறது. முற்றிய கண்ணை எடுக்க வேண்டிவந்தால் முழுக் கோளத்தையும், பார்வை நரம்பின் நீண்ட துண்டையும் சேர்த்து எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். பெரியவர்களுக்கும் இது பொருந்தும். எப்போது, எதனால் பார்வை போனது என்று தெளிவில்லாத, உள்ளே எட்டிப் பார்க்க முடியாதபடி வெளுத்துப்போன கண்ணுக்கு அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுக்காமல் எவிசரேஷனுக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். பி-ஸ்கேன் எனப்படும் இந்தக் கண் ஸ்கேன் வலியில்லாதது, சில நிமிடங்களில் முடிந்துவிடும். சீட்டில் அதன் முடிவு இருக்கிறதா என்றுதான் நான் முதலில் பார்ப்பேன்.

நல்ல கண் பற்றிய பயம்

“எடுத்தால்தான் மறு கண் பிழைக்கும்” என்று மாமா சொல்வதில் உண்மையின் ஒரு பகுதி இருக்கிறது. கண்ணின் நடு அடுக்குத் திசு சாதாரணமாக உடலின் எதிர்ப்புச் சக்தியின் பார்வையில் படாமல் மறைந்திருக்கும். ஆழமான காயத்தால் அது வெளிப்பட்டுவிட்டால், அரிதாகச் சிலருக்கு, உடல் அதை அந்நியமாகக் கருதித் தாக்கத் தொடங்கும். அடிபடாத கண்ணிலும் அதே திசு இருப்பதால் அதுவும் சேர்ந்து அழற்சியாகிறது. இதற்கு சிம்பதெடிக் ஆஃப்தால்மியா என்று பெயர். புடைப்பு எழுத்தைக் கண்டுபிடித்த லூயி பிரெய்ல் தம் தந்தையின் தோல் பட்டறையில், மூன்று வயதில், குத்தூசியால் ஒரு கண்ணைக் காயப்படுத்திக்கொண்டார். பிறகு இரண்டு கண்ணிலும் பார்வை போனது. இந்த நோய்தான் காரணமாக இருக்க வேண்டும் என்று பலர் கருதுகிறார்கள்.

மீட்க முடியாத கண்ணைக் காயத்திலிருந்து 14 நாட்களுக்குள் எடுத்துவிட்டால் இந்த ஆபத்து பெரிதும் தவிர்க்கப்படும் என்பது பழைய நடைமுறை. இன்றும் அதற்கு மதிப்புண்டு. ஆனால் அந்த 14 நாளைக் காட்டி அவசரப்படுத்துவதை நான் ஏற்க மாட்டேன். ஸ்டீராய்டும், எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்துகளும் வந்த பிறகு அந்த நோயையும் சீக்கிரம் கண்டால் பெரும்பாலும் கட்டுப்படுத்த முடிகிறது. காயமான அன்று வெளிச்சம்கூடத் தெரியாத கண்ணில் தையலுக்குப் பிறகு கொஞ்சம் பார்வை திரும்புவதும் நடக்கிறது. முதல் நாளே எடுக்கச் சொன்னால், முதலில் தைக்க முடியுமா என்று கேளுங்கள். தைத்து, ஒரு வாரம் பார்த்து, துளி வெளிச்சமும் வரவில்லையென்றால் அந்த இரண்டு வாரத்துக்குள் மனத்தைத் தயார்செய்துகொண்டு முடிவெடுக்கலாம்.

எவிசரேஷனில் வெள்ளை ஓடு உள்ளேயே இருக்கிறது. அதன் நுண்துளைகளில் நடு அடுக்குத் திசு மிஞ்சலாம் என்பதால், இந்த ஆபத்து இனூக்ளியேஷனை விடச் சற்றுக் கூடுதல் என்று வாதிடும் மருத்துவர்கள் உண்டு. நடைமுறையில் மிக மிக அரிது என்பவர்களும் உண்டு. கண் சிதறிப்போய் ஓடே துண்டுதுண்டாக இருந்தால் இனூக்ளியேஷன்தான் சரி. ஓடு முழுதாக இருக்கிற இளைஞருக்கு, ஸ்கேனில் கட்டி இல்லையென்று உறுதியானபின், எவிசரேஷனுக்கே என் மனம் சாய்கிறது.

எந்த வழியில் போனாலும், கண்ணை எடுக்காமலே வைத்திருந்தாலும், ஒன்றை மறக்கக் கூடாது. இந்த நோய் பெரும்பாலும் முதல் சில மாதங்களில் வரும் என்றாலும், ஆண்டுகள் கழித்தும் வரலாம். நல்ல கண் சிவந்தாலோ, வெளிச்சத்துக்குக் கூசினாலோ, மங்கினாலோ அன்றே கண் மருத்துவமனைக்குப் போய்ப் பழைய காயத்தைச் சொல்ல வேண்டும். “மெட்ராஸ் ஐ” என்று நினைத்து மெடிக்கல் கடையில் சொட்டு வாங்கிவிட்டு உட்கார்ந்திருக்கக் கூடாது.

குழியை எதைக்கொண்டு நிரப்புவது

கேட்கப்படாத அந்த மூன்றாவது கேள்வி இதுதான். மனிதக் கண்கோளம் ஏறத்தாழ 24 மில்லிமீட்டர் குறுக்களவு, 7 மில்லி லிட்டர் கொள்ளளவு கொண்டது. வெளியே தெரிகிற செயற்கைக் கண் என்பது முழு உருண்டை இல்லை. இமைக்கு அடியில் சொருகும் தடித்த ஓடு அது. 2 மில்லி லிட்டருக்குப் பக்கத்தில்தான் அதனால் ஈடுகட்ட முடியும். மீதி இடத்தை உள்ளே புதைக்கும் உருண்டை நிரப்ப வேண்டும். பெரியவர்களுக்கு வழக்கமாக 18 முதல் 22 மில்லிமீட்டர். அந்த உருண்டையே வைக்காமல் விட்டாலோ, மிகச் சிறிதாக வைத்தாலோ மேல் இமைக்கு மேலே பள்ளம் விழுகிறது. பள்ளத்தை மறைக்கப் பெரிய, கனமான செயற்கைக் கண்ணைச் செய்கிறார்கள். அந்தக் கனத்தில் சில ஆண்டுகளில் கீழ் இமை தொங்குகிறது, மேல் இமை சரிகிறது. பிறகு ஒவ்வொன்றையும் சரிசெய்யத் தனித்தனி அறுவை. அதிலும் முதலில் குழியின் நிறைவு, அடுத்துக் கீழ் இமையின் தொய்வு, கடைசியாக மேல் இமை என்ற வரிசையில் போக வேண்டும். முதல் அறுவையிலேயே சரியான அளவு உருண்டை வைத்திருந்தால் இதில் பெரும்பகுதி தேவைப்பட்டிருக்காது. கடுமையான தொற்று இருந்தால் உருண்டையைச் சில வாரம் தள்ளி வைப்பது உண்டு. அப்படிச் சொன்னால் எப்போது வைப்பார்கள் என்பதைச் சீட்டில் எழுதி வாங்குங்கள்.

உருண்டையில் இரண்டு வகை. அக்ரிலிக் பிளாஸ்டிக்கான பி.எம்.எம்.ஏ. வழவழப்பானது, விலை குறைவு. இன்னொரு வகை நுண்துளைகள் நிறைந்தது. கடற்பவளத்திலிருந்து எடுத்த ஹைட்ராக்ஸிஅபடைட் அல்லது நுண்துளைப் பாலிஎத்திலீனால் ஆனது. துளைகளுக்குள் உடலின் ரத்தநாளங்கள் வளர்ந்து உருண்டையைப் பிடித்துக்கொள்ளும், இடம் நகராது. ஆனால் விலை பல மடங்கு. மேலே மூடியிருக்கும் சவ்வு அரிக்கப்பட்டு உருண்டை வெளியே தெரிகிற சிக்கல் அதிலும் உண்டு. வழவழப்பான உருண்டை குழிக்குள் நகர்ந்துவிடலாம் என்பது உண்மையே. எவிசரேஷனில் அது சொந்த ஓட்டுக்குள்ளேயே அடைபட்டிருப்பதால் அந்தக் கவலை குறைவு. கையில் இருக்கிற பணத்தைப் பவள உருண்டையில் போடுவதா, பிறகு செய்யும் செயற்கைக் கண்ணில் போடுவதா என்று கேட்டால், செயற்கைக் கண்ணில் போடுங்கள் என்று தயங்காமல் சொல்வேன். உருண்டையின் பொருளைவிட அளவு முக்கியம்.

அறுவை முடிந்ததும் இமைகளுக்குள் கன்ஃபார்மர் என்ற கண்ணாடி போன்ற மெல்லிய பிளாஸ்டிக் ஓட்டை வைத்துவிடுவார்கள். செயற்கைக் கண் வரும்வரை இமைக்கும் குழிக்கும் இடையிலுள்ள இடம் ஒட்டிப்போகாமல் காப்பது அதன் வேலை. எர்ணாவூர்ப் பக்கத்து இளைஞர் ஒருவருக்கு வீட்டில் முகம் கழுவும்போது அது விழுந்துவிட்டது. ஏதோ பிளாஸ்டிக்தானே என்று தூக்கிப் போட்டுவிட்டார். விழுந்தால் உடனே வர வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. பல மாதம் கழித்து செயற்கைக் கண் வைக்கப் போனபோது, குழந்தைக்கான சிறிய அளவுகூட உள்ளே நிற்கவில்லை. சுருங்கிவிட்ட குழியை விரிக்க உதட்டின் உட்புறச் சவ்வையோ, தொடையிலிருந்து தோலின் உள்ளடுக்கும் கொழுப்பும் சேர்ந்த துண்டையோ எடுத்து ஒட்ட வேண்டிவரும். அப்படி ஒட்டியும் முதலில் கிடைத்திருக்க வேண்டிய நிறைவு கிடைப்பதில்லை. அந்த ஓடு விழுந்தால் சுத்தமான டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு அன்றோ மறுநாளோ மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

பெட்டியில் இருக்கும் கண், அளவெடுத்துச் செய்யும் கண்

வீக்கம் வடிந்து, சுமார் ஆறு வாரத்தில் செயற்கைக் கண் பொருத்துவார்கள். தயாராகச் செய்துவைத்த கண்களின் பெட்டியிலிருந்து பொருத்தமானதைத் தேர்ந்து மாட்டுவது மலிவு, அன்றே முடியும். ஆனால் பின்பக்கம் உங்கள் குழியின் வடிவத்துக்குச் செய்யப்பட்டதில்லை என்பதால் இடைவெளியில் கண்ணீரும் அழுக்கும் தேங்கும், அசைவும் குறையும். அளவெடுத்துச் செய்யும் கண் வேறு தரம்.

அது உருவாவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். பல் மருத்துவர் அச்செடுக்கும் அதே பசை போன்ற ஆல்ஜினேட்டைக் குழிக்குள் செலுத்தி, அது இறுகியதும் எடுத்து, அதிலிருந்து மெழுகு வடிவம் செய்கிறார்கள். மெழுகை இமைக்குள் வைத்து, நேராகப் பார், மேலே பார், சிரி என்று சொல்லிச் சொல்லி இழைத்துத் திருத்துகிறார்கள். பிறகு நிறம். நோயாளியை ஜன்னல் பக்கம் உட்காரவைத்து, நல்ல கண்ணை உற்றுப் பார்த்துக்கொண்டே சிறு தூரிகையால் கருவிழியைத் தீட்டுகிறார்கள். பழுப்பு என்று நாம் சொல்கிற நிறத்தில் மஞ்சள், பச்சை, கருஞ்சிவப்பு எத்தனையோ இழைகள். வெள்ளைப் பகுதியில் ரத்தநாளங்களுக்காகச் சிவப்புப் பட்டு நூலைப் பிரித்து, இழை இழையாகப் பதிக்கிறார்கள். வெயிலிலும் கடற்காற்றிலும் வேலை செய்தவரின் வெள்ளை விழி வெள்ளையாக இருக்காது என்பதால் அதற்கும் மஞ்சள் பூச்சு. மேலே தெளிந்த பிளாஸ்டிக் ஏற்றி, சூட்டில் இறுக்கி, மெருகேற்றி மாட்டியதும், அந்த மனிதர் கண்ணாடியை வாங்கிக்கொண்டு திருப்பித் தரவே இல்லை. ஆண்டுக்கொருமுறை மெருகேற்றினால் ஏறத்தாழ ஐந்து ஆண்டு தாங்கும். குழந்தைகளுக்கு முகம் வளர வளர அடிக்கடி மாற்ற வேண்டும். தினமும் கழற்றித் தேய்க்க வேண்டியதில்லை.

எங்கே போவது

எழும்பூர் மார்ஷல்ஸ் சாலையில் உள்ள அரசு கண் மருத்துவமனை 1819-இல் தொடங்கிய நிறுவனம். விபத்துக்கும் அறுவைக்கும் நம் பகுதிக்காரர்கள் நம்பிப் போகிற இடம் அது. விம்கோ நகர், தொண்டையார்பேட்டை பக்கத்திலிருந்து மெட்ரோவில் ஏறி சென்ட்ரலில் மாறினால் அடுத்த நிறுத்தம் எழும்பூர். செயற்கைக் கண் செய்யும் தனிப் பிரிவுக்கு சங்கர நேத்ராலயா போன்ற பெரிய கண் மருத்துவமனைகளை நாடலாம். ஓரிடத்தில் அறுவை, இன்னோரிடத்தில் செயற்கைக் கண் என்று பிரித்துக்கொள்வதிலும் தவறில்லை. உருண்டையின் அளவும் பொருளும் டிஸ்சார்ஜ் சீட்டில் இருந்தால் போதும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையோ இ.எஸ்.ஐ. அட்டையோ இருந்தால், அறுவை மட்டும்தான் அதில் அடங்குமா, உருண்டையும் செயற்கைக் கண்ணும் சேருமா என்பதைச் சேரும் முன்பே காப்பீட்டு மேஜையில் கேளுங்கள்.

வேலையிடத்தில் அடிபட்டவர்கள் மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகலை முதல் நாளே வாங்கிப் பத்திரப்படுத்த வேண்டும். பட்டறையில் நடந்தது என்று அதில் இருக்க வேண்டும். வீட்டில் விழுந்ததாகச் சொல்லச் சொல்லி முதலாளி கேட்டாலும் இணங்காதீர்கள். வேலையிட விபத்துக்கான இழப்பீட்டுச் சட்ட அட்டவணைப்படி, மறு கண் நலமாக இருக்க, ஒரு கண்ணையே இழந்தால் சம்பாதிக்கும் திறனில் 40 சதவீத இழப்பு. கண்கோளம் சிதையாமல் பார்வை மட்டும் போனால் 30 சதவீதம். இந்தப் பத்து சதவீதத்துக்காக அறுவையைத் தேர்ந்தெடுக்கச் சொல்லவில்லை. எது நடந்ததோ அது சீட்டில் சரியாக எழுதப்பட்டிருக்க வேண்டும் என்கிறேன். மாற்றுத்திறனாளிச் சான்றிதழின் கணக்கு வேறு. நல்ல கண்ணில் முழுப் பார்வை உள்ள ஒற்றைக்கண்ணருக்கு அதில் 30 சதவீதம். சலுகைகளுக்கு வேண்டிய 40-ஐ அது தொடாது. அதை நம்பிக் கடன் வாங்கிவிட வேண்டாம்.

ஒற்றைக் கண்ணுக்குப் பழக உடலுக்குச் சில மாதம் பிடிக்கும். டம்ளரில் தேநீர் ஊற்றும்போது விளிம்பு தவறும், படியிறங்கும்போது கால் தடுமாறும், பார்வை போன பக்கத்திலிருந்து வருகிற வண்டி தெரியாது. கழுத்தைத் திருப்பிப் பார்க்கும் பழக்கம் வந்த பிறகு வேலைக்குத் திரும்பலாம். திரும்பும்போது, பவர் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அடிபட்டாலும் எளிதில் உடையாத பாலிகார்பனேட் லென்ஸ் போட்ட கண்ணாடி முகத்தில் இருக்க வேண்டும். கடையில் சாதாரண பிளாஸ்டிக் லென்ஸைக் காட்டி இதுவும் உடையாது என்பார்கள். பாலிகார்பனேட்தான் வேண்டும் என்று கேட்டு, பில்லில் அந்தப் பெயரை எழுதி வாங்குங்கள். பட்டறைக்குள் அதற்கு மேல் பக்கவாட்டும் மூடிய பாதுகாப்புக் கண்ணாடி வேண்டும். அதை வாங்கித் தர வேண்டியவர் முதலாளி.